குளிர்கால சாலட்: கேல் கீரை மெல்ல முடியவில்லை, தட்டின் அடியில் தண்ணீர் நிற்கிறது. எங்கே தப்பு?

இலைமணி:

வணக்கம். இரவுச் சாப்பாட்டுக்கு இது ஒன்றே போதும் என்கிற மாதிரி, வயிறு நிறையும் குளிர்கால சாலட் ஒன்று வேண்டும். 4 பேருக்கு. இப்போது செய்வது இதுதான்: சுருட்டை இலை கேல் ஒரு கட்டு, ஆப்பிள் 1, ஆரஞ்சு 2, வால்நட் ஒரு கைப்பிடி. மேலே ஆலிவ் எண்ணெய், எலுமிச்சைச் சாறு, உப்பு. எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் போட்டுக் கலக்கிவிடுகிறேன்.

குறைகள்: கேல் ரப்பர் மாதிரி இழுக்கிறது. கால் மணி நேரத்தில் பாத்திரத்தின் அடியில் தண்ணீர் சேர்ந்துவிடுகிறது. ஆப்பிள் பழுப்பாகிறது. ஒரு வாய் உப்பு, அடுத்த வாய் சப்பென்று இருக்கிறது. முக்கியமாக, சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் மறுபடியும் பசிக்கிறது. அளவோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

பச்சைத்தட்டு:

நீங்க எடுத்த பொருள்ல ஒரு தப்பும் இல்லைங்க. எல்லாத்தையும் ஒரே பாத்திரத்துல, ஒரே நேரத்துல கலக்கறதுதான் தப்பு. கேலுக்கு வேண்டிய பக்குவம் வேற, ஆரஞ்சுக்கு வேண்டியது வேற. ஒவ்வொண்ணையும் தனியா தயார் பண்ணி, கடைசியில சேர்த்தா நீங்க சொன்னதுல பாதிக்கு மேல தானா சரியாயிடும். பசி விஷயத்தை வேற யாராவது விரிவா சொல்லுங்க, நான் கீரையையும் டிரெஸ்ஸிங்கையும் பார்க்கிறேன்.

முதல்ல நடுத்தண்டை எடுத்தே ஆகணும். காம்பை ஒரு கையில பிடிச்சு இலையைத் தலைகீழா தொங்கவிடுங்க. இன்னொரு கையோட கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தண்டை இறுக்கிப் பிடிச்சபடி, காம்புப் பக்கத்துல இருந்து நுனி வரைக்கும் ஒரே இழுப்பு. இலை ரெண்டு பக்கமும் உரிஞ்சு வந்துடும். நுனியில தண்டு மெலிசாகி அதுவா ஒடியற இடம் வரைக்கும் எடுத்தா போதும். 300 கிராம் கட்டுல சுமார் 200 கிராம் இலை தேறும், அது 4 பேருக்குச் சரி. தண்டை வீணாக்க வேண்டாம், பொடியா அரிஞ்சு சூப்ல போட்டுடலாம்.

இலையைக் கழுவி ஈரம் போக உலர்த்தி, 1 செ.மீ. அகல நாடாவா அரிஞ்சுக்கோங்க. அதுல கால் தேக்கரண்டி உப்பு, 2 தேக்கரண்டி எண்ணெய் விட்டு ரெண்டு கையாலயும் அள்ளி அள்ளிப் பிசையணும். முதல் அரை நிமிஷம் கைக்குள்ள நறநறன்னு சத்தம் கேக்கும், இலை முரண்டு பிடிக்கும். அப்புறம் மேல இருக்கிற அந்தச் சாம்பல் பூத்த பச்சை மறைஞ்சு, பளபளன்னு கரும்பச்சையா மாறும். பாத்திரம் நிறைய இருந்தது பாதியா அமுங்கும். 2 முதல் 3 நிமிஷம், அவ்வளவுதான். ஒரு நாடாவை வாயில போட்டுப் பாருங்க. கடிக்கும்போது பிசிறில்லாம அறுந்துச்சுன்னா நிறுத்திடலாம். அதுக்கு மேல பிசைஞ்சா சாறு விட்டுக் கொழகொழன்னு ஆயிடும். செல் சுவர் உடையறதாலதான் இலை மெதுவாகுது. இலை நாள்பட்டு முற்றிப் போயிருந்தா எவ்வளவு பிசைஞ்சாலும் ஓரளவுக்குத்தான் இளகும். நீளமா, கரும்பச்சையா, சொரசொரப்பான இலையோட ஒரு வகை கேல் உண்டு, அது கிடைச்சா சுருட்டையை விட மிருது, 1 நிமிஷம் பிசைஞ்சாலே போதும்.

இந்த வேலை கேலுக்கும் முட்டைக்கோஸுக்கும் மட்டும். பாலக், லெட்டூஸ் மாதிரி மெல்லிய இலையைப் பிசைஞ்சா கையில கூழ்தான் மிஞ்சும்.

தண்ணீர் நிக்கறதுக்கு முதல் காரணம் கழுவின ஈரம். இலை மேல ஒரு படலம் தண்ணீர் இருந்தா எண்ணெய் அதுல ஒட்டாம வழுக்கி அடிக்குப் போகும். கேல் சுருளுக்குள்ள நிறைய ஒளிஞ்சிருக்கும். சுழற்றி உலர்த்தற ஸ்பின்னர் இருந்தா ரெண்டு தடவை சுத்துங்க, நடுவுல தண்ணியைக் கொட்டிட்டு இலையைப் புரட்டிவிட்டு. இல்லைன்னா சுத்தமான துண்டுல பரப்பி, பாய் மாதிரி சுருட்டி, மெதுவா அழுத்தி 10 நிமிஷம் விடுங்க. அரியறதுக்கு முன்னாடி ஒரு இலையை டிஷ்யூ பேப்பர்ல ஒத்திப் பாருங்க. ஈரத் தடம் விழுந்தா இன்னும் காயலை.

உப்பு ஒரு வாய் தூக்கலா, ஒரு வாய் சப்புன்னு இருக்கறதுக்குக் காரணம், எண்ணெய்ல உப்பு கரையாது. எண்ணெய் பட்ட இலை மேல தூவின உப்பு கல்லாவே கிடக்கும். அதனால உப்பை எப்பவும் புளிப்புலதான் முதல்ல கரைக்கணும். ஒரு மூடி போட்ட கண்ணாடி ஜாடியில எலுமிச்சைச் சாறு ஒன்றரை மேசைக்கரண்டி, உப்பு கால் தேக்கரண்டி. நல்லா கரையற வரைக்கும் ஆட்டுங்க. பிறகு கடுகு விழுது 1 தேக்கரண்டி, தேன் 1 தேக்கரண்டி. கடைசியாத்தான் ஆலிவ் எண்ணெய் 3 மேசைக்கரண்டி. மூடி 20 விநாடி பலமா குலுக்கினா கெட்டியா, கலங்கலா, ஒரே சீரா வரும். எண்ணெயும் சாறும் பிரியாம பிடிச்சு வைக்கிறது கடுகு விழுதுதான், ருசிக்கு மட்டுமில்லை.

வழக்கமா 3 பங்கு எண்ணெய்க்கு 1 பங்கு புளிப்புன்னு சொல்வாங்க. மெல்லிய இலைக்கு அது சரி. கேல் மாதிரி தடிச்ச இலைக்கும், இனிப்புப் பழம் சேர்ற சாலட்டுக்கும் 2க்கு 1 தான் எடுப்பா இருக்கும். கரண்டியில நக்கிப் பார்த்து முடிவு பண்ணாதீங்க, காரசாரமாத்தான் தெரியும். ஒரு இலையைத் தோய்ச்சு தின்னு பாருங்க.

பிசைஞ்ச கேல்ல முக்கால் பங்கு டிரெஸ்ஸிங்கை விட்டுக் கலந்து 15 நிமிஷம் ஓரமா வைங்க. பழம், பருப்பு எதுவும் அப்போ வேண்டாம். மீதி கால் பங்கு, பரிமாறும்போது மேல.

மாதுளைமுத்து:

பச்சைத்தட்டு சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். தண்ணீருக்கு இரண்டாவது காரணம் ஆரஞ்சு. உப்பு பட்ட இடத்தில் பழம் சாறு விடும். தோலோடு வட்டமாக நறுக்கினாலும், சுளையைக் குறுக்கே வெட்டினாலும் இன்னும் அதிகம் விடும். இப்படிச் செய்யுங்கள்: பழத்தின் மேலும் கீழும் சீவி, தட்டையாக நிற்க வையுங்கள். கூர்மையான கத்தியால் வளைவை ஒட்டி மேலிருந்து கீழாகத் தோலையும் வெள்ளைப் பகுதியையும் சேர்த்துச் சீவுங்கள். வெள்ளை மிச்சமிருந்தால் கசக்கும். பிறகு பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சவ்வின் இரு பக்கமும் நடு வரை கீறினால் சுளை முழுதாகக் கழன்று வரும். அதை வடிகட்டியில் 5 நிமிடம் வையுங்கள். கையில் மிஞ்சும் சவ்வுக் கூட்டைப் பிழிந்தால் கிடைக்கும் சாற்றை, எலுமிச்சைச் சாற்றில் அரை மேசைக்கரண்டிக்குப் பதிலாக டிரெஸ்ஸிங்கில் சேர்க்கலாம். விதையில்லாத நேவல் ஆரஞ்சாக இருந்தால் அன்றே தீர்த்துவிடுங்கள். அதன் சாறு நேரம் ஆக ஆகக் கசப்பு ஏறும்.

ஆப்பிள் பழுப்பாவது, வெட்டிய பரப்பில் உள்ள நொதி காற்றோடு சேர்வதால். எலுமிச்சைச் சாறு அதைத் தாமதப்படுத்தும், ஆனால் எல்லாத் துண்டிலும் பட வேண்டும். கேலின் மேல் ஊற்றிய சாறு ஆப்பிளுக்கு உதவாது. புளிப்பு ஏறக்கூடாது என்றால் உப்புத் தண்ணீர் நல்ல வழி: 1 கப் தண்ணீருக்கு அரை தேக்கரண்டி உப்பு, 10 நிமிடம் ஊறவைத்து, ஒரு முறை அலசி, துணியில் ஒற்றி எடுங்கள். அலசிய பிறகு உப்புச் சுவை தெரியாது. துண்டு மிக மெலிதாக இருந்தால் கேலோடு சேரும்போது காணாமல் போகும். தோலோடு அரை செ.மீ. தடிமனில் நறுக்குங்கள். நறுக் என்று கடிபடும், லேசாகப் புளிக்கும் வகை ஆப்பிளாக எடுங்கள். மாவு போல் இருக்கும் ஆப்பிள் இந்த சாலட்டுக்கு வேண்டாம்.

என்னைக் கேட்டால் குளிர்காலத்தில் ஆப்பிளை விடப் பேரிக்காய்க்கு முதலிடம் தருவேன். ஒரே சிக்கல், பழுத்த பதம் ஓரிரு நாள்தான் நிற்கும். காம்பு ஒட்டியிருக்கும் கழுத்துப் பகுதியில் கட்டைவிரலால் மெல்ல அழுத்துங்கள். சற்றே அமுங்கினால் பழுத்துவிட்டது. வயிற்றுப் பகுதி அமுங்கும் வரை காத்திருந்தால் உள்ளே மாவாகியிருக்கும், ஏனென்றால் அது உள்ளிருந்து வெளியே பழுக்கும் காய். கல்லாக இருந்தால் வாழைப்பழத்தோடு காகிதப் பையில் வையுங்கள், சீக்கிரம் பழுக்கும்.

மாதுளையை நான்காகக் கீறிப் பிளந்து, தண்ணீர் நிறைந்த பாத்திரத்துக்குள் வைத்தே உதிருங்கள். முத்து அடியில் தங்கும், வெள்ளைச் சவ்வு மேலே மிதக்கும். வடித்ததும் துணியில் உலர்த்த மறந்தால், மறுபடியும் தட்டில் தண்ணீர், அதுவும் சிவப்பாக. 4 பேருக்கு அரைப் பழம் போதும்.

பெர்சிமன் பழம் கிடைத்தால் அருமை, ஆனால் எந்த வகை என்று பாருங்கள். தக்காளி போல் தட்டையாக இருப்பதைக் கெட்டியாகவே நறுக்கிப் போடலாம். நுனி கூம்பியிருப்பது ஜெல்லி போல் கொழகொழவென்று பழுக்கும் வரை நாக்கை இழுத்துப் பிடிக்கும் துவர்ப்பு, அதை சாலட்டில் போடவே கூடாது. கிவி போடுவதாக இருந்தால் தயிர் டிரெஸ்ஸிங் வேண்டாம். கிவியில் உள்ள நொதி பால் புரதத்தை உடைத்துக் கசப்பாக்கிவிடும்.

கனல்தட்டு:

பசி விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் எழுதிய பொருள்களில் மாவுச்சத்தும் இல்லை, சொல்லும்படியான புரதமும் இல்லை. இலையும் பழமும் எவ்வளவு கூட்டினாலும் பசி தாங்காது. மூன்று சேர்க்க வேண்டும்: வாட்டிய கிழங்கோ பரங்கியோ ஒன்று, தானியமோ கடலையோ ஒன்று, கொழுப்பும் உப்பும் உள்ளது ஒன்று.

பரங்கிக்காய் 400 கிராம், தோல் நீக்கி 2 செ.மீ. சதுரமாக. எண்ணெய் 1 மேசைக்கரண்டி, உப்பு அரை தேக்கரண்டி, மிளகுத்தூள் கொஞ்சம். 220 டிகிரி செல்சியஸுக்குச் சூடேறிய ஓவனில் 25 முதல் 30 நிமிடம், 15ஆவது நிமிடத்தில் ஒரு முறை புரட்டவும். துண்டுகளுக்கு நடுவே விரல் அகலம் இடைவெளி இருக்கட்டும். நெருக்கிப் போட்டால் அதன் நீராவியிலேயே வெந்து குழையும், ஓரம் பழுப்பேறாது. அந்த ஓரத்துப் பழுப்பில்தான் இந்த சாலட்டின் பாதி ருசி இருக்கிறது, அதனால் ஒரு தட்டில் கொள்ளாவிட்டால் இரண்டு தட்டாகப் பிரியுங்கள். சர்க்கரைவள்ளிக்கிழங்கும் இதே அளவு, இதே சூடு. ஓவன் இல்லையென்றால் அடி கனமான வாணலியில் ஒரே அடுக்காகப் பரப்பி, மிதமான தீயில் முதல் 5 நிமிடம் மூடியும், அடுத்த 8 நிமிடம் திறந்தும் வாட்டலாம்.

வெந்ததும் சுடச்சுட இலையில் கொட்டாதீர்கள். 10 நிமிடம் ஆறி வெதுவெதுப்பான பிறகு போட்டால் கேல் இன்னும் கொஞ்சம் இளகும், ஆனால் வதங்காது. பாலக் என்றால் முழுக்க ஆறியே ஆக வேண்டும்.

தோல் தீட்டிய பார்லி 70 கிராம் எடுத்தால் வெந்த பிறகு ஏறக்குறைய மூன்று மடங்காகும், 4 பேருக்குச் சரி. கஞ்சி வைப்பது போல் அளந்து நீர் விடாமல், நிறையத் தண்ணீரில் உப்புப் போட்டு 25 முதல் 30 நிமிடம் வேகவிட்டு வடியுங்கள். தட்டில் பரப்பி ஆவி போகவிடுங்கள். குவியலாக விட்டால் கட்டிதட்டும். பார்லி வேண்டாமென்றால் வெந்த கொண்டைக்கடலை ஒன்றரை கப். அதில் புரதமும் கூட. கடலையை சூடாக இருக்கும்போதே 1 மேசைக்கரண்டி டிரெஸ்ஸிங்கில் பிரட்டி வையுங்கள், உள்ளே இறங்கும். ஆறிய கடலையில் மேலோடு நின்றுவிடும்.

வால்நட் 60 கிராம். பச்சையாகப் போடாதீர்கள். 175 டிகிரியில் 8 முதல் 10 நிமிடம், அல்லது வாணலியில் சிறு தீயில் கிளறிக்கொண்டே 6 நிமிடம். மணம் வந்ததும் உடனே வேறு தட்டுக்கு மாற்றுங்கள், சூடான வாணலியிலேயே விட்டால் மேலும் கருகும். ஆறியபின் துணியில் போட்டுத் தேய்த்தால் தோல் பாதி உதிரும். கசப்பு அந்தத் தோலில்தான். வறுக்கும் முன் ஒன்றை மென்று பாருங்கள், சிக்கு வாடை அடித்தால் மொத்தமும் வேண்டாம். வறுத்தால் அந்த வாடை போகாது.

கடைசியாக ஃபெட்டா சீஸ் 60 கிராம், கையால் உதிர்த்தது. பால் பொருள் சாப்பிடாதவர்களுக்கு எள் விழுது டிரெஸ்ஸிங் வயிறு தாங்கும்: எள் விழுது 3 மேசைக்கரண்டி, எலுமிச்சைச் சாறு 2 மேசைக்கரண்டி, உப்பு கால் தேக்கரண்டி. சாறு பட்டதும் விழுது திரிந்ததுபோல் இறுகிக் கட்டியாகும், பயப்பட வேண்டாம். குளிர்ந்த தண்ணீர் ஒவ்வொரு கரண்டியாக 3 அல்லது 4 மேசைக்கரண்டி விட்டு அடித்தால் திடீரென்று இளகி, வெளுத்து, தோசை மாவு பதத்துக்கு வரும்.

இலைமணி:

மிக்க நன்றி, இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை. இன்னும் மூன்று கேள்வி. சிவப்பும் வெள்ளையுமாக உருண்டையாக இருக்கும் ரடிக்கியோ கீரை கிடைக்கிறது, ஆனால் கசப்பு தாங்கவில்லை. அதைச் சேர்க்க வழி உண்டா? மறுநாள் மதியத்துக்கு டப்பாவில் கொண்டுபோக முடியுமா? வீட்டில் ஒருவருக்கு வால்நட் ஒவ்வாமை, பதிலுக்கு என்ன?

பச்சைத்தட்டு:

ரடிக்கியோவைக் கண்டிப்பா சேருங்க, கேலும் பரங்கியும் சேர்ந்த சாலட்டுக்கு அந்தக் கசப்பு ஒரு பிடிமானம். ஆனா கால் பங்குக்கு மேல வேண்டாம்: 150 கிராம் கேலுக்கு 50 கிராம். விரல் அகலமா அரிஞ்சு, ஐஸ் போட்ட தண்ணியில 20 முதல் 30 நிமிஷம் ஊற வைங்க. வெட்டுவாய் வழியா கசப்பு கொஞ்சம் தண்ணியில இறங்கும், இலையும் விறைப்பா வரும். முழுசா ஊற வெச்சா பலன் இருக்காது, அரிஞ்சிட்டுத்தான் ஊற வைக்கணும். அப்புறம் உலர்த்தறது பழைய கதைதான். மீதிக் கசப்பை உப்பு அடக்கும். தேனைக் கூட்டறதுக்கு முன்னாடி ஒரு சிட்டிகை உப்பைக் கூட்டிப் பாருங்க.

கனல்தட்டு:

வால்நட் ஒவ்வாமை இருந்தால் மற்ற கொட்டைப் பருப்புகளையும் மருத்துவரைக் கேட்காமல் போட வேண்டாம். அவர்களுக்கு ஒத்துக்கொள்ளும் என்று தெரிந்தால் பூசணி விதை 40 கிராம், வாணலியில் 3 அல்லது 4 நிமிடம். படபடவென்று வெடித்து உப்பத் தொடங்கினதும் இறக்கவும். பழைய வால்நட் வறுத்த வாணலியையும் துணியையும் கழுவாமல் பயன்படுத்தாதீர்கள்.

மாதுளைமுத்து:

டப்பா விஷயம். கேலுக்கு மறுநாள் ஒன்றும் ஆகாது, சொல்லப்போனால் இன்னும் மிருதுவாகும். லெட்டூஸும் பாலக்கும் அப்படித் தாங்காது. இலையின் மேல் இயற்கையாகவே மெழுகுப் பூச்சு உண்டு, எண்ணெய் அதை ஊடுருவி உள்ளே போய்ச் சீக்கிரம் வதக்கிவிடும்.

ஆனால் இங்கே பச்சைத்தட்டிடமிருந்து கொஞ்சம் மாறுபடுகிறேன். இரவு முழுக்க வைக்கப்போகும் கேலை உப்புப் போட்டுப் பிசைய வேண்டாம். உப்பு தொடர்ந்து நீரை இழுத்துக்கொண்டே இருக்கும், காலையில் அடியில் பச்சைத் தண்ணீர் நிற்கும். எண்ணெயும் 1 தேக்கரண்டி எலுமிச்சைச் சாறும் மட்டும் விட்டு 3 நிமிடம் பிசையுங்கள், புளிப்பும் இலையை இளக்கும்.

பச்சைத்தட்டு:

சரியான திருத்தம். உடனே சாப்பிடறதுக்கு உப்பு, மறுநாளைக்குப் புளிப்புன்னு வெச்சுக்கலாம். அப்படின்னா டிரெஸ்ஸிங்ல உப்பைக் கால் தேக்கரண்டியிலிருந்து அரை தேக்கரண்டி ஆக்கிக்கோங்க, மொத்த உப்பு அதே அளவுதான் வரும்.

மாதுளைமுத்து:

ஆமாம். அடுக்கும் வரிசை: டப்பாவின் அடியில் டிரெஸ்ஸிங், அதன்மேல் கடலை அல்லது பார்லி, அடுத்து பரங்கி, அதற்கு மேல் பிசைந்த கேல், உச்சியில் மாதுளை. சூடாக எதையும் மூடாதீர்கள், மூடியில் வியர்த்து எல்லாம் நனையும். அதற்காக வெந்த தானியத்தை வெளியிலேயே விட்டுவிடவும் கூடாது. பரப்பி ஆறவைத்து, வடித்த 2 மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குப் போய்விட வேண்டும். வறுத்த விதை தனிப் பொட்டலம், இல்லையென்றால் ஈரம் குடித்து நமுத்துவிடும். ஆரஞ்சுச் சுளையும் தனிச் சின்ன டப்பா.

மருந்து சாப்பிடுபவர் வீட்டில் இருந்தால் இரண்டு விஷயம் கவனியுங்கள். ஆரஞ்சுக்குப் பதில் கிரேப்ஃப்ரூட் போட நினைத்தால், சிம்வாஸ்டாடின், அடார்வாஸ்டாடின் போன்ற சில கொழுப்பு மாத்திரைகளோடும் சில ரத்த அழுத்த மாத்திரைகளோடும் அது ஒத்துப்போகாது. மருந்தின் அளவு ரத்தத்தில் கூடிவிடும். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் கேலைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது, அதில் வைட்டமின் கே மிக அதிகம். மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

டப்பாவைச் சாப்பிடுவதற்கு 20 நிமிடம் முன்பே ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துவிடுங்கள். ஆலிவ் எண்ணெய் குளிரில் உறைந்து வெள்ளையாகத் திரண்டிருக்கும், அறைச் சூட்டில் தானாக இளகும். பிறகு மூடியபடி இரண்டு முறை தலைகீழாகக் கவிழ்த்துக் குலுக்கி, விதையையும் சுளையையும் சேர்த்து, ஆப்பிளை மட்டும் அந்த நேரத்தில் நறுக்கிப் போடுங்கள்.